விடுகிற மூச்சு

என் கணவர் மூச்சுக்குப் பேர்போனவர். முல்லைத்தீவுக் கரையில் சங்குக்கும் கடலட்டைக்கும் கடலில் இறங்குகிறவர்கள் பல பேர் இருக்கிறார்கள். இப்போது அநேகமானவர்கள் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். இவரும் கொஞ்சக் காலமாக அப்படித்தான். ஆனால் இளந்தாரியாக இருந்தபோது வெறும் மூச்சோடு இறங்கி, மேலே படகில் இருப்பவர்கள் பயந்துபோய்க் கூப்பிடத் தொடங்கிய பிறகுதான் தலையைக் காட்டுவாராம். கலியாணம் பேசி வந்தபோது தரகர் எடுத்துச் சொன்ன முதல் பெருமையே அதுதான். காணியும் வீடும் அதற்குப் பிறகுதான் கதைக்குள் வந்தன. மூச்சை வைத்து என்ன குடும்பமா நடத்துவது என்று நான் கேட்டேனாம். அவருடைய ஆட்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேட்டிருப்பேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்பது எங்கள் கோயில் பங்கு முழுக்கத் தெரிந்த விஷயம்.

அப்படிப்பட்டவருக்கு முட்டுக்காரப் பிள்ளை பிறந்தது. மகளுக்கு, நடக்கத் தொடங்கிய வயதிலிருந்தே, தடிமன் வந்தால் மூக்கோடு நிற்பதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி விசில் அடிக்கத் தொடங்கிவிடும். முட்டு என்று நாங்கள் சொல்வோம். ஆஸ்பத்திரியில் தொய்வு என்பார்கள். மாரி பிறந்தால் எங்கள் வீட்டில் மழைச் சத்தத்தோடு இந்தச் சத்தமும் தொடங்கும். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு புத்திமதியை வைத்துவிட்டுப் போவார்கள். வாழைப்பழம் கொடுக்காதே என்பார் ஒருவர். தோடம்பழத்தைக் கண்ணிலும் காட்டாதே என்பார் இன்னொருவர். தலைக்கு வார்க்காதே, வார்த்தால் உடனே சாம்பிராணிப் புகை காட்டு, கற்பூரவள்ளிச் சாறு பருக்கு, நெஞ்சில் எண்ணெய் தடவு. எல்லாம் செய்தோம். எல்லாருடைய சொல்லையும் கேட்டுக்கொண்டு வந்ததில், பிள்ளைக்குக் கொடுக்கச் சோறும் சுடுதண்ணீரும்தான் மிஞ்சியிருந்தன.

இந்த நெஞ்சு வருத்தம் யாருடைய பக்கத்தால் வந்தது என்ற விசாரணையும் இடையிடையே நடக்கும். தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டதுதான். அவர்களோ தலைமுறை தலைமுறையாகக் கடலுக்கு அடியில் மூச்சை அடக்கிப் பிழைத்தவர்கள். என் அப்பாவோ காலையில் எழும்பினால் சுருட்டுப் பற்றி, மத்தியானம் வரைக்கும் இருமுகிற மனுஷன். பிறகு என்ன சாட்சி வேண்டும்? "உங்கட பக்கத்து நெஞ்சு" என்று இவர் சிரித்துக்கொண்டு சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வாய் திறந்தால் நிறுத்தமாட்டேன் என்பதால் குசினிக்குள் போய்ச் சட்டி பானையோடு கதைப்பேன்.

மருந்து எடுக்கவில்லை என்று இல்லை. கிளினிக்கில் ஒருமுறை, வாயில் வைத்து மருந்தை இழுக்கிற பம்ப் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே இவர் அலுமாரியின் மேல்தட்டில் என் கூறைச்சேலைக்குப் பின்னால் வைத்துவிட்டார். பம்ப் பழகினால் சாகும்வரைக்கும் அதுதான் என்று கரையில் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில் வாழப்போகிறவள், வாயில் பம்ப்போடு நின்றால் யார் கேட்டு வருவார்கள் என்ற பேச்சும் இருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குக் கலியாணக் கவலை. ஆனால் அவருடைய பிடிவாதத்துக்குக் காரணம் அது இல்லை. மூச்சு என்பது பழக்கினால் பழகுகிற சாமான் என்று அவர் முழுமனதாக நம்பினார்.

அதனால் பழக்கினார். கடல் அமைதியாக இருக்கிற நாட்களில் அவளைக் களப்பின் ஓரத்துக்குக் கூட்டிப்போவார். இடுப்பளவு தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு தலையை அமிழ்த்தி வைத்திருக்கச் சொல்லுவார். முட்டு வந்த நாளிலோ பின்னால் இருந்து முதுகை நிமிர்த்திப் பிடிப்பார். "இழு பிள்ளை. நல்லா நெஞ்சு நிறைய இழு. இப்ப அடக்கு. அடக்கி வைச்சிரு," என்பார். அவளும் கன்னம் இரண்டும் உப்ப, கண் கலங்கக் கலங்க அடக்குவாள். அப்பா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. அவர் அதட்டியதே இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தால், ஒரு தகப்பன் தன்னிடம் இருக்கிற சொத்தைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிறார் என்றுதான் தோன்றும்.

போன மாரியில் ஒரு நாள் மத்தியானம். காற்று என்றபடியால் கடலுக்கு யாரும் போகவில்லை. நான் படிப்பிக்கிற முன்பள்ளியும் மழையால் பூட்டிக் கிடந்தது. நுளம்புக் கடி தாங்க முடியாமல் வீட்டுக்குள் புகைத்திரி கொளுத்தியிருந்தோம். மகளுக்குக் காலையிலிருந்தே விசில். வழமையைவிடப் பலமான விசில், குசினியில் நிற்கிற எனக்கும் கேட்டது. இவர் அவளைத் தன் முழங்காலுக்கிடையில் இருத்தி வைத்து, இழு, அடக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் கேட்க, மழை விடட்டும் என்றார்.

மழை விடவில்லை. ஆனால் விசில் விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு இல்லாமலே போனது. "பாத்தியே, அடங்கீட்டுது," என்று அவர் உள்ளேயிருந்து சொன்னார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நன்றி மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டு, பிள்ளைக்குக் கஞ்சி வடித்து எடுத்துப் போனேன்.

ஒரு வாய் கொடுத்துவிட்டு, உப்புக் காணுமோ என்று கேட்டேன். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். "அம்" என்று மட்டும் வந்தது. மிச்சம் வரவில்லை. திரும்பவும் முயன்றாள். திரும்பவும் "அம்". அப்போதுதான் அவளை வடிவாகப் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி எழும்பின. உதடு சாம்பல் நிறம். சத்தம் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஓட்டோக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் அன்று நின்றவர் ஒரு இளம் டொக்டர். வவுனியாப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, முக்காட்டை இறுக்கிக் கட்டி, கைமுட்டு வரை சட்டையைச் சுருட்டி விட்டிருந்தார். இந்தப் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்று நினைத்தேன். ஸ்டெதஸ்கோப்பை மகளுடைய நெஞ்சில் ஒரு பக்கம் வைத்தார். மற்றப் பக்கம் வைத்தார். முதுகில் வைத்தார். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே விரைவு. ஒட்சிசனும் மருந்து ஆவியும் வருகிற மாஸ்க்கை முகத்தில் மாட்டினார்கள். கையில் ஊசி ஏறியது. ஒருவரும் சத்தம் போடவில்லை, ஒருவரும் ஓடவில்லை, ஆனால் எல்லாக் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்தது.

இவர் கட்டிலின் காலடியில் நின்று, தன் பாட்டில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இழுத்ததாம், பிறகு சத்தம் நின்றுவிட்டதாம், சுகமாகிவிட்டது என்று நினைத்தாராம். டொக்டர் மகளை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"சத்தம் நின்டதுதான் ஐயா பயம். காத்துப் போய் வந்தாத்தானே சத்தம் கேட்கும்."

 நாங்கள் நன்றி சொன்ன அந்த அமைதிக்குள் பிள்ளை மூச்சில்லாமல் இருந்திருக்கிறாள். நான் கஞ்சி வடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பிறகு காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. டொக்டர் போவதும் வருவதும் காது வைத்துக் கேட்பதுமாக இருந்தார். நான் செபமாலையில் எந்த மணியில் நிற்கிறேன் என்பதே தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அவர் குனிந்து கேட்டபடியே அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து முதல்முறையாகச் சிரித்தார். "வந்திட்டுது. இப்ப விசில் அடிக்குது," என்றார். எனக்கு அவருக்கு மூளை பிசகிவிட்டதோ என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் காதுக்கும் கேட்டது. நான் வருஷக்கணக்காக வெறுத்த, திட்டித் தீர்த்த, சாம்பிராணி காட்டித் துரத்திய அதே சத்தம். அதைக் கேட்டு நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் எதையும் நான் கேட்டதில்லை.

மகள் தேறி வார்ட்டில் எழும்பி இருந்து பிஸ்கட் கேட்கத் தொடங்கிய பிறகு, டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்தினார். ஏச்சு விழப்போகிறது என்று நான் பதிலைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். அவர் ஏசவில்லை. தன் கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டினார். முதலில் என் நெஞ்சிலேயே வைத்துக் கேட்கச் சொன்னார்.

நான் அதுவரைக்கும் என் மூச்சைக் கேட்டதில்லை. யார்தான் கேட்டிருக்கிறார்கள்? கடற்கரையில் அலை வந்து மணலுக்குள் இறங்குகிறபோது ஒரு மெல்லிய சத்தம் வருமே, அது மாதிரி உள்ளே ஏதோ வந்தது, போனது. பிறகும் வந்தது, போனது. நான் கேட்காமல், நான் சொல்லாமல், நான் பிறந்த நாளிலிருந்து இது நடந்துகொண்டிருக்கிறது. கோபத்தில் கத்தும்போதும் நடந்தது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஓடியபோதும் நடந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. கோயிலில் நற்கருணை தூக்கிக் காட்டும்போது வருகிற ஒரு அடக்கம் வருமே, அந்த அடக்கத்தோடு இருந்தேன்.

பிறகு டொக்டர் அதை மகளுடைய முதுகுக்கு மாற்றினார். அங்கே அலை இல்லை. பூனைக்குட்டிகள் பலதை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடியது மாதிரி, ஒன்று கீச்சிட, இன்னொன்று முனக, மற்றொன்று எங்கேயோ ஆழத்தில் அழுதது. "எப்ப சத்தம் வருது எண்டு கவனிங்க," என்றார் டொக்டர். கவனித்தேன். அவள் மூச்சை இழுக்கும்போது கொஞ்சமாகத்தான் கேட்டது. விடும்போதுதான் அத்தனை குட்டிகளும் கத்தின. இழுப்பது சட்டென்று முடிந்தது. விடுவது முடியவே இல்லை, நீண்டு நீண்டு போனது, முடிவதற்குள் அவள் அடுத்த மூச்சை இழுத்தாள்.

அடுத்தது இவருடைய முறை. குழாயைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரியே இருந்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. கண்ணைத் திறந்து, "விடுறதோ?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

ஓம் என்றார் டொக்டர். கையைக் குழாய் மாதிரிச் சுருட்டிக் காட்டிச் சொன்னார். நெஞ்சுக்குள் மரத்தின் கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து போகிற சின்னக் குழாய்கள் இருக்கின்றனவாம். இந்த வருத்தம் உள்ளவர்களுக்கு அவை வீங்கி, ஒடுங்கி, சளியும் அடைத்து நிற்குமாம். இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் அவையும் கொஞ்சம் விரிந்து வழி விடும். விடும்போது ஒடுங்கிவிடும். உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் நிற்கும். அதற்கு மேலே அடுத்த மூச்சு, அதற்கு மேலே இன்னொன்று.

"பிள்ளைக்குக் காத்துப் போதாமல் இல்ல ஐயா. அவவுக்குள்ள காத்து நிறைஞ்சு போய் இருக்கு. நிறைஞ்ச குடத்துக்குள்ள திரும்பத் திரும்பத் தண்ணி ஊத்தினா என்ன நடக்கும்?"

 எத்தனை வருஷம் இந்தப் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவள் தவித்தது இறக்கி வைப்பதற்கு. நாங்கள் மேலே மேலே ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். அந்தக் கோபத்தில் நான் இவருடைய பயிற்சிக் கதை முழுவதையும் டொக்டரிடம் கொட்டினேன். களப்பு, முழங்கால், இழு, அடக்கு, அலுமாரிக்குள் கிடந்த பம்ப், ஒன்றையும் விடவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். டொக்டர் என்னை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தார். இப்படிச் செய்தால் சரிவரும் என்று யார் சொல்லித்தந்தது என்று மெதுவாகக் கேட்டார். ஒருத்தரும் இல்லை என்றார் இவர்.

மூச்சு அடக்கும் பயிற்சி இந்த வருத்தத்துக்கு மருந்து இல்லை, இனி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டொக்டர் இரண்டு பம்ப்பை எடுத்து வைத்தார். கபில நிறம் வருத்தம் வராமல் தடுக்கிறது; காலையும் மாலையும், பிள்ளை ஓடி விளையாடுகிற நாளிலும் அடிக்க வேண்டும், சுகம் என்று நிறுத்தக்கூடாது, அடித்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். நீலம், முட்டு வந்த நேரத்துக்கு. இரண்டையும் ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் கூட்டில் பொருத்தி, அதன் வழியாக மெதுவாக மூச்செடுக்க வேண்டும். முட்டு வந்தால் பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்த வேண்டும். நீலத்துக்கும் கேட்காவிட்டால், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், உதடு நிறம் மாறினால், மழை விடும்வரைக்கும் இருக்கக்கூடாது. அந்த இடத்தில் நான் இவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நுளம்புத்திரி, சாம்பிராணி, விறகுப் புகை, சுருட்டு, ஒன்றும் அவளுக்குக் கிட்ட வரக்கூடாது. வலை கட்டிப் படுக்கலாம். வாழைப்பழம் சாப்பிடலாமோ என்று கேட்டேன். சாப்பிட்டு முட்டு வந்ததைக் கண்ணால் கண்டீங்களா என்று திருப்பிக் கேட்டார். இல்லை. அப்படியென்றால் கொடுங்கள் என்றார். மகள் கட்டிலில் இருந்து கைதட்டினாள்.

பழகிவிடுமோ என்ற கேள்வியை இவர்தான் கேட்டார். டொக்டருக்கு அது தினமும் கேட்கிற கேள்வியாக இருக்க வேண்டும். "நாளாந்தம் பல்லுத் தீட்டுறீங்கதானே. அதுக்கு அடிமையா நீங்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு மாறியது. பம்ப் அலுமாரியை விட்டு இறங்கி மேசையில் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தது. வருகிறவர்கள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தால், அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் பதில் இருந்தது. மாரி முடிவதற்குள்ளேயே அவள் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடினாள். ஓடி வந்து நின்று, "அம்மா, எனக்குப் பசிக்குது, முட்டை பொரிச்சுத் தாங்கோ," என்று ஒரே மூச்சில் சொன்னாள். முழு வசனம். நான் அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளைகள் நாள் முழுக்க வசனம் வசனமாகக் கதைத்துத் தள்ளுகின்றன, முன்பள்ளியில் நானே எத்தனை தரம் வாயை மூடு என்று அதட்டியிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய கொடை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாரி கழிந்து கிளினிக்குக்குப் போனபோது அதே டொக்டர்தான் இருந்தார். மகளை ஒரு குழாய்க்குள் ஊதச் சொன்னார். விடுகிற மூச்சின் பலத்தை அளக்கிற குழாய் அது. ஊதினால் ஒரு சின்னச் சிவப்பு முள் முன்னால் போகும். மகளின் முள் போன தூரம் டொக்டருக்குத் திருப்தி. கெட்டிக்காரி, உனக்கு என்ன வேணும் என்று கேட்டார். மகள் ஸ்டெதஸ்கோப்பைக் காட்டினாள். அப்பாவின் நெஞ்சைக் கேட்க வேண்டுமாம். அப்பாவுக்குள் கடல் கேட்குமாம். டொக்டர் சிரித்துக்கொண்டே அவளுடைய காதில் மாட்டிவிட்டார்.

இவர் முதலில் பின்வாங்கினார். பிறகு சேர்ட் பொத்தானைக் கழற்றினார். மகள் முதுகில் குழாயை வைத்து, டொக்டர் செய்கிற மாதிரியே இடம் மாற்றி மாற்றிக் கேட்டாள். "நல்லா விடுங்கோ அப்பா. இன்னும் விடுங்கோ," என்றாள். பிறகு குழாயைக் கழற்றாமலே டொக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"டொக்டர், எனக்குள்ள இருந்த சத்தம் அப்பாவுக்குள்ளயும் இருக்கு."

பிள்ளை விளையாடுகிறது என்றுதான் நான் நினைத்தேன். டொக்டரும் அப்படித்தான் நினைத்துக் குழாயை வாங்கி இவருடைய முதுகில் வைத்தார். ஆனால் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் வெகுநேரம் கேட்டார். பிறகு மகள் ஊதிய குழாயில் புது வாய்த்துண்டைப் பொருத்தி இவரிடம் நீட்டினார். முல்லைத்தீவுக் கரையில் மூச்சுக்குப் பேர்போன மனுஷன் நெஞ்சு நிறைய இழுத்து ஊதினார். முள் மகளுடைய இடத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய் நின்றுவிட்டது. இவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எங்கே போய் நிற்க வேண்டும் என்று டொக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். இவருடைய முள் பாதி வழியில் நின்றது.

சின்ன வயதில் இருந்ததா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்று நானே சொல்ல வாயெடுத்தேன். அவர்களுடைய பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையே. ஆனால் இவர் சேர்ட்டைப் போடாமல், கையில் பிடித்தபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இருந்தது. ஆருக்கும் சொல்லேல்லை. அப்பரோட கடலுக்குப் போகேலாமல் போயிடும் எண்டு பயம். இழுத்து அடக்கி அடக்கித்தான் அதை மாத்தினனான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். அதுதான் இவளுக்கும் பழக்கினனான்."

 அவரிடம் கேட்க என் வாயில் இருந்த சண்டை எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெருமைக்கு இல்லை, பிடிவாதத்துக்கும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். அதை அவருக்கு ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதும் உண்மைதான். மகளுடைய வயதில், தாய் தகப்பனுக்கும் தெரியாமல், ஒரு மூலையில் இருந்து தன் பாட்டில் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டும். சின்ன வயதில் இருந்தது சிலருக்கு வளர வளர விட்டுப்போகும், பிறகு ஒரு வயதில் திரும்பியும் வரும் என்று டொக்டர் சொன்னார். அடக்கினதால் மாறவில்லை, அது தானாக ஓய்ந்து கிடந்திருக்கிறது.

டொக்டர் இவருக்கும் பம்ப் எழுதினார். பிறகு கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சிலிண்டர் விஷயத்தைச் சொன்னார். ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். வெளியே போக வழி இல்லாமல் ஒரு மூலையில் அது அடைபட்டு நின்றால், நெஞ்சு கிழிந்துவிடும். மருந்து எடுத்து, சோதித்து, சரி என்று பெரிய டொக்டர் சொல்லும்வரைக்கும் கடலுக்கு அடியில் இறங்கக்கூடாது. சொல்லாமலும் போகலாம் என்றார். படகில் போகலாம், வலை இழுக்கலாம், இறங்கக்கூடாது. இவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். இந்தக் கொஞ்சக் காலமாக அடியில் நிற்க ஏலாமல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருக்கி இருந்தோம். மகள் நடுவில். 

"கடலுக்கு அடியில முட்டு வந்தா என்ன செய்வீங்கள் அப்பா?" என்று அவள்தான் கேட்டாள்.

"மெல்ல மெல்ல மேல வரவேணும். பயந்து அந்தரப்பட்டா முடிஞ்சுது."

"உங்களுக்கு வந்ததோ?"

"வந்தது."

 வெளியே மரமும் வயலும் போய்க்கொண்டிருந்தன, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே வெளிச்சம் தெரிய, நெஞ்சு அடைபட்டு, அந்தரப்படாமல் மெல்ல மெல்ல ஏறி வருகிற ஒரு ஆளைத்தான் பார்த்தேன். அப்படி ஏறி வந்து, படகில் இருந்தவர்களுக்குச் சிரித்துக் காட்டி, கரைக்கு வந்து, வீட்டில் சோற்றுக்குக் குழம்பு காணாது என்று என்னோடு சண்டை பிடித்திருக்கிறார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். 

"சொல்லியிருந்தா என்னைக் கடலுக்குப் போக விட்டிருப்பியே?" என்றார்.

விட்டிருக்கமாட்டேன். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

மகளுக்கு எங்கள் கதை பிடிபடவில்லை. அவள் அவருடைய மடியில் கிடந்த பையைத் திறந்து புதுப் பம்ப்பை எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். வாயில் வைக்க முன்னம் செய்ய வேண்டியதை அப்பா சரியாகச் செய்யவேணுமாம். இப்போதே செய்து காட்டவேணுமாம். நெஞ்சுக்குள்ளே இருக்கிறதை எல்லாம் முதலில் வெளியே விடவேணும் என்றாள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்து, உதட்டைக் குவித்து, விடத் தொடங்கினார். நீளமாக, மெதுவாக, எல்லாவற்றையும் விட்டார். அந்த மூச்சின் கடைசியில் ஒரு மெல்லிய விசில் இருந்தது. பஸ்ஸின் இரைச்சலுக்குள்ளும் எனக்கு அது கேட்டது. இத்தனை வருஷம் அவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தும் ஒரு நாள்கூட நான் அதைக் கேட்டதில்லை.